குழந்தை விற்பனையில் காவல் துறையின் கையைக் கட்டிய இளைஞர் நீதிச் சட்டத் திருத்தத்தைத் திரும்பப் பெறுங்கள்: ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

சென்ற ஆண்டு ஒரு மாலையில் என் சித்தி மகளின் கைபேசிக்கு ஒரு புகைப்படம் வந்தது. பிறந்து இரண்டு நாள்கூட ஆகியிராத ஓர் ஆண் குழந்தையைத் துணியில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். மருத்துவமனையில் கட்டும் அடையாளப் பட்டை அதன் மணிக்கட்டில் அப்படியே இருந்தது. பட்டையில் தாயின் பெயர் எழுதியிருக்கும் இடத்தை மட்டும் ஒரு கட்டைவிரல் அழுத்தி மறைத்திருந்தது. நகத்தில் மருதாணி மங்கிய கட்டைவிரல். படத்தை அடுத்து ஒரு பெண்ணின் குரல் பதிவு வந்தது: "மூணு கிலோ இருக்கு, நல்ல கலர், நாலரை ஆகும். பத்திரம் எல்லாம் நாங்களே பாத்துக்குறோம். ராத்திரிக்குள்ள சொல்லிடுங்கம்மா, வேற ஒருத்தங்களும் கேட்டிருக்காங்க." நாலரை என்றால் நான்கரை லட்சம் ரூபாய்.

என் தங்கையும் அவள் கணவரும் மத்திய தத்துவள ஆணையமான காராவில் முறைப்படி பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள். அவர்களுடைய எண் அந்தத் தரகருக்கு எப்படிக் கிடைத்தது என்பது இன்றுவரை தெரியவில்லை. அவள் மறுத்துவிட்டு, படத்தையும் குரல் பதிவையும் எனக்கு அனுப்பினாள். மறுநாள் காலை நாங்கள் இருவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே எங்களுக்குக் கிடைத்த பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைக்கிறது.

உதவி ஆய்வாளர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். குரல் பதிவை இரண்டு முறை போடச் சொன்னார். பிறகு சட்டப் பிரிவைக் கைபேசியில் தேடிப் படித்துவிட்டு, "இந்தப் பிரிவுல நாங்களா எஃப்.ஐ.ஆர். போட முடியாதும்மா. நடுவர்கிட்ட, அதான் மாஜிஸ்திரேட்கிட்ட, உத்தரவு வாங்கிட்டு வரணும்" என்றார். ஆள் கடத்தல் பிரிவில் பதியக் கூடாதா என்று கேட்டேன். அதற்குச் சுரண்டும் நோக்கம் இருந்ததாகக் காட்ட வேண்டும், இவர்கள் வளர்ப்பதற்குத்தானே கொடுக்கிறார்கள் என்றார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது எழுதிக் கையில் கொடுத்தார். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் அழைத்தோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்தவர்கள் அக்கறையோடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கைபேசி எண் யாருடையது என்று நிறுவனத்திடம் கேட்டுப் பெறவோ, ஒருவரை அழைத்து வந்து விசாரிக்கவோ அவர்களால் ஆகாது. வழக்கறிஞரைப் பிடித்து, மனு எழுதி, நீதிமன்றத்தில் அந்த மனுவுக்கு எண் வாங்குவதற்குள் ஒன்பது நாள்கள் போயின. நாலாவது நாளிலேயே அந்தக் கைபேசி எண் அணைக்கப்பட்டுவிட்டது. அந்தக் குழந்தை இன்று எந்த வீட்டில், யாருடைய பிள்ளையாக, எந்தப் பெயரில் வளர்கிறது என்பது எனக்குத் தெரியாது.

அந்த அதிகாரியை நான் குறை சொல்லவில்லை. தமக்கு முன் இருந்த சட்டத்தை, உங்கள் அமைச்சகம் எழுதி நாடாளுமன்றம் நிறைவேற்றியபடி, அவர் படித்தார். என் குறை அந்த எழுத்தின் மேல்தான்.

2016 ஜனவரி 15 அன்று நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டம் 2015, தன் 81-ஆம் பிரிவில் எந்த நோக்கத்துக்காகவும் ஒரு குழந்தையை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்குகிறது. ஐந்து ஆண்டுகள் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரோ, மருத்துவமனை அல்லது பிரசவ விடுதியின் ஊழியரோ இதைச் செய்தால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. 'எந்த நோக்கத்துக்காகவும்' என்ற அந்த ஒரு சொற்றொடரில் சட்டத்தை எழுதியவர்களின் தொலைநோக்கு இருக்கிறது. வளர்க்கத்தான் வாங்கினோம் என்ற சமாதானத்துக்கு அது இடமே வைக்கவில்லை. அந்தச் சட்டம் முதலில் வந்தபோது, மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில் காவல் துறை யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வழக்குப் பதிந்து, புலன்விசாரணை செய்து, பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம் என்று 86-ஆம் பிரிவு சொன்னது. 2021-இல் நிறைவேறி 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டது. குற்றம் பிணையில் விட முடியாததாகவே நீடிக்கிறது. ஆனால் நடுவரின் உத்தரவு இல்லாமல் காவலர் அதை விசாரிக்கத் தொடங்க முடியாது. பிணை மறுக்க வேண்டிய அளவுக்குக் கொடிய குற்றம் என்று சொல்லும் அதே வரி, அந்தக் குற்றத்தைக் கண்ணால் கண்ட காவலரைக் காத்திருக்கச் சொல்கிறது.

என் இருசக்கர வாகனம் திருடு போயிருந்தால் அன்று காலையிலேயே வழக்குப் பதிவாகியிருக்கும். டெல்லி குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமே இந்தத் திருத்தத்தை எதிர்த்து 2022-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. குழந்தைகளைக் காக்கவென்று சட்டப்படி அமைந்த ஓர் ஆணையம், குழந்தைகளைக் காக்கும் சட்டத்தின் திருத்தத்தை எதிர்த்து வழக்காட வேண்டிய நிலையை உங்கள் அமைச்சகம் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

பெரிய வழக்குகளில் கைதுகள் நடக்கின்றனவே என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். நடக்கின்றன, ஊடகத்தில் வெளிவந்து ஊரே பேசத் தொடங்கிய பிறகு, வேறு சட்டங்களின் பிரிவுகளையும் சேர்த்து நடக்கின்றன. 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைக்கு விலை பேசிய ஒலிப்பதிவு தமிழ்நாடு முழுவதும் பரவியது. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்கும் எடைக்கும் ஏற்ப ஒரு விலை என்று அந்தக் குரல் நிதானமாகச் சொன்னதைக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முப்பது ஆண்டுகளாக இதைச் செய்துவருவதாக அந்தக் குரலே சொன்னது. அதன் பிறகுதான் கைது, அதன் பிறகுதான் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2021-இல் மதுரையில் ஒரு காப்பகத்திலிருந்த ஆண் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் தயாரித்து, அடக்கம் செய்ததாகவும் காட்டிவிட்டு, அந்தக் குழந்தையைப் பணத்துக்குக் கொடுத்திருந்தார்கள். உயிரோடிருக்கும் குழந்தைக்கு ஒரு புதைகுழியைக் காட்டத் துணிந்தவர்கள், உத்தரவு வாங்க நாம் அலையும் ஒன்பது நாள்களில் எதைத்தான் அழிக்க மாட்டார்கள்?

இந்த இரண்டு சம்பவங்களும் உங்கள் திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தியவை. காவல் துறையின் கை கட்டப்படாத காலத்திலேயே இவ்வளவு நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நான் தத்தெடுத்த தாய். 2016-இல் பதிவு செய்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருந்து, 2019-இல் ஐந்து மாதக் குழந்தையாக என் மகளைக் கையில் வாங்கினேன். வீட்டு ஆய்வறிக்கைக்கு 6,000 ரூபாய், குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 40,000 ரூபாய். இரண்டுக்கும் ரசீது இருக்கிறது. அந்தப் பச்சை நிறக் கோப்பை என் வீட்டு இரும்புப் பெட்டியில் நகைகளுக்கு மேலே வைத்திருக்கிறேன். குழந்தைகள் நலக்குழு அவளைத் தத்துக் கொடுக்கச் சட்டப்படி தடையில்லை என்று அறிவித்த ஆணை, அவள் வந்த அன்று எடுத்த எடை, தடுப்பூசிகளின் தேதி, இரத்தப் பரிசோதனை, நீதிமன்றத்தின் தத்து ஆணை எல்லாம் அதில் இருக்கின்றன. அவளைப் பெற்றவள் அவளைக் குழுவின் முன் ஒப்படைத்த நாளும், மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சட்டம் தரும் இரண்டு மாதம் முடிந்த நாளும் இருக்கின்றன. என் மகள் இப்போது கேள்வி கேட்கும் வயதுக்கு வந்துவிட்டாள். "என்னைப் பெத்தவங்க என்னை யாருக்காவது வித்துட்டாங்களா?" என்று போன மாதம் கேட்டாள், பள்ளியில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். நான் அந்தக் கோப்பைத் திறந்து அவள் எடையையும் தேதிகளையும் காட்டி, "இல்லடா, உனக்காக ஒரு குழு உட்கார்ந்து யோசிச்சு எழுதின காகிதம் இது" என்று சொன்னேன். பதினெட்டு வயதுக்குப் பிறகு அவளுக்கு விருப்பமிருந்தால் தன் வேரைத் தேடிப் போக விதிகளில் வழி இருக்கிறது. அப்படிப் போகிறபோது அவள் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

கட்டைவிரலால் பெயர் மறைக்கப்பட்ட அந்தக் குழந்தைக்கு இதில் எதுவும் இருக்காது. நாளை அவனுக்கு ஒரு நோய் வந்தால், குடும்பத்தில் யாருக்காவது இது இருந்ததா என்று மருத்துவர் கேட்பார். வாங்கியவர்கள் தங்கள் குடும்ப வரலாற்றைச் சொல்வார்கள், ஏனென்றால் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் அவர்கள்தான். பிரசவத்துக்குச் சேர்க்கும்போதே வாங்குபவரின் பெயரைத் தாயின் பெயராக எழுதிவிட்டால், அந்தப் பொய் அரசு முத்திரையோடு வெளியே வந்துவிடுகிறது. அவனைப் பெற்றவளுக்கும் அந்த இரண்டு மாதம் கிடைக்காது. வலியும் பயமும் குறையாத இரண்டாம் நாளில், மணமாகாதவளாகவோ, கடனில் மூழ்கியவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ இருக்கும் ஒரு பெண்ணிடம் எடுக்கும் கையெழுத்தை யார் சம்மதம் என்பார்கள்? தரகர் வாங்கும் நான்கரை லட்சத்தில் அவள் கைக்குப் போவது எவ்வளவு என்பதை நான் ஊகித்து எழுத விரும்பவில்லை. தன் பெயரை வெளியில் சொல்லாமலே குழந்தையைக் குழுவிடம் ஒப்படைக்கலாம், யாரும் அவளைக் குற்றவாளியாக்க மாட்டார்கள் என்று அவளுக்கு எந்தப் பிரசவ அறையிலும் யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது மட்டும் உறுதி. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கண்ட மாநிலம் இது. அந்தத் தொட்டில் எங்கே இருக்கிறது என்பதைத் தரகர் சொல்ல மாட்டார்.

குரல் பதிவில் வந்த "பத்திரம் எல்லாம் நாங்களே பாத்துக்குறோம்" என்ற வாக்கியத்தை நீங்கள் தனியாகக் கவனிக்க வேண்டுகிறேன். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுத்தல் மற்றும் பராமரிப்புச் சட்டம் பெற்றோரே நேரடியாகத் தத்துக் கொடுக்க அனுமதிக்கிறது. இளைஞர் நீதிச் சட்டமும் அதில் தலையிடுவதில்லை. அண்ணன் பிள்ளையைத் தம்பி சுவீகாரம் எடுப்பது போன்ற, ஊரறிய நடக்கும் காரியங்களுக்கு அது நல்ல ஏற்பாடு. அப்படி வளர்ந்தவர்கள் என் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பத்திரம் பதிவாகிவிட்டால், பொய் என்று நிரூபிக்கப்படும் வரை எல்லாம் சட்டப்படி நடந்ததாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. அந்த அனுமானம்தான் தரகரின் சரக்கு. நான்கரை லட்சத்தில் ஒரு பகுதி அதற்கான விலை. தத்துக்காகப் பணம் கைமாறுவதை அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், அதற்கும் மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய வரி, வாட்ஸ்அப்பில் குழந்தையின் படம் அனுப்பி விலை பேசும் காலத்திலும் அப்படியே நிற்கிறது.

காத்திருப்பு நீளும்போது மக்கள் குறுக்கு வழிக்குப் போகிறார்கள் என்பதை நான் மறுக்க மாட்டேன். அந்த மூன்று ஆண்டுகளில் கைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் நான் எப்படி எழுந்து ஓடினேன் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் ஒருவர் வழி சொன்னார். ஓர் இரவு முழுவதும் தூங்காமல் யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கை, 2021 டிசம்பரில் 27,939 பெற்றோர் பதிவு செய்து காத்திருந்ததையும், சட்டப்படி தத்துக் கொடுக்கத் தயாராக இருந்த குழந்தைகள் 2,430 பேர் மட்டுமே என்பதையும் பதிவு செய்திருக்கிறது. காப்பகங்களில் தத்துக்குத் தகுதியுள்ளவர்களாகக் கருதப்பட்ட அநாதைகளும் கைவிடப்பட்டவர்களும் ஒப்படைக்கப்பட்டவர்களும் 6,996 பேர் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அப்படியென்றால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஓர் ஆணைக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டு மாதம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு நான்கு மாதம் என்று சட்டம் விதித்த கெடு எத்தனை மாவட்டங்களில் கடைப்பிடிக்கப்படுகிறது? அந்தக் கெடு தவறுகிற ஒவ்வொரு நாளும், பதிவு செய்தவர்களின் எண்ணைத் தேடிப் பிடிக்கத் தரகருக்குக் கிடைக்கும் இன்னொரு நாள்.

உச்ச நீதிமன்றம் இதில் மௌனமாக இருந்ததே இல்லை. வெளிநாட்டுத் தத்துகளில் நடந்த முறைகேடுகள் பற்றி 1982-இல் வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே எழுதிய ஒரு கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு 1984-இல் வழிகாட்டு நெறிகளைத் தந்தது. நாட்டில் இன்று நாம் தத்து முறை என்று சொல்வது அந்தக் கடிதத்திலிருந்து வளர்ந்ததுதான். கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் பெயரால் தத்து அழைப்புகள் பரவியபோது, சட்டத்துக்குப் புறம்பான தத்துகளில் ஈடுபடுவோர் மேல் நடவடிக்கை எடுக்குமாறு 2021 ஜூனில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பச்சிளம் குழந்தை கடத்தப்பட்ட மருத்துவமனையின் உரிமத்தை முதலில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் சொன்னது. நீதிமன்றம் இவ்வளவு தெளிவாகப் பேசும்போது, காவல் நிலையத்தில் ஓர் அதிகாரி சட்டப் புத்தகத்தைக் காட்டி, தாமாக ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்ல வேண்டியிருப்பதற்கு அமைச்சகம்தான் பதில் தர வேண்டும்.

ஆகவே, நான் கேட்பவை இவை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 86-ஆம் பிரிவில் 2021-இல் செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் மசோதாவை வரும் கூட்டத்தொடரிலேயே கொண்டுவாருங்கள். முழுத் திருத்தத்துக்கும் காலம் பிடிக்குமென்றால், குழந்தை விற்பனையைத் தடை செய்யும் 81-ஆம் பிரிவுக்கு மட்டுமாவது காவல் துறை நேரடியாக வழக்குப் பதியும் அதிகாரத்தை முதலில் திருப்பித் தாருங்கள். அதுவரை, இத்தகைய புகார் வந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகே அன்றைய தினமே நடுவர் முன் மனுச் செய்து உத்தரவு பெற வேண்டும், அந்தச் சுமை புகார் கொடுத்தவர் தலையில் விழக் கூடாது என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதுங்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலுள்ள முன் அனுமதி நிபந்தனையை நீக்கவும், உறவினர் அல்லாதவருக்குக் கொடுக்கும் தத்துப் பத்திரம் எதுவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் விசாரணை அறிக்கை இல்லாமல் பதிவாகாதிருக்கவும் சட்ட அமைச்சகத்தோடு பேசி வழி செய்யுங்கள். காராவில் பதிவு செய்தவர்களின் தொலைபேசி எண்கள் எங்கிருந்து கசிகின்றன என்று விசாரியுங்கள். குழந்தையை ஒப்படைக்க விரும்பும் தாய்க்கு உள்ள உரிமைகளை, அந்த இரண்டு மாத அவகாசம் உட்பட, அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிரசவ அறைகளிலும் அந்தந்த மாநில மொழியில் எழுதி வைக்கச் செய்யுங்கள். குழந்தைகளைத் தத்துக்குரியவர்களாக அறிவிக்கக் கெடு தவறிய மாவட்டங்களின் பட்டியலை ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஒரு முறை வெளியிடுங்கள்.

அந்தக் குழந்தையின் படமும், குரல் பதிவும், அழைப்பு வந்த எண்ணும், நாளும் நேரமும் குறித்த சி.எஸ்.ஆர். ரசீதும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பட்டையில் கட்டைவிரல் மறைக்காத ஓரத்தில் மூன்று எண்கள் தெரிகின்றன. எந்த மருத்துவமனையின் பட்டை என்று கண்டுபிடிக்க, விசாரிக்கும் அதிகாரம் உள்ளவர்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். உங்கள் அமைச்சகத்திலிருந்து பொறுப்புள்ள ஓர் அதிகாரி கேட்டால் அன்றே ஒப்படைக்கிறேன். எழுத்து வடிவில் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தத்தெடுத்த ஒரு தாய்
தமிழ்நாடு